பாதிப் படிப்பில் மாநிலம் மாறலாமா?

சென்ற ஆண்டில் நமக்கு நெருங்கிய குடும்பமொன்றுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு நற்செய்தி வந்தது. அக்குடும்பத்தின் மூத்த மகன் அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில், ஒரு சமூகக் கல்லூரியில் பொறியியலுக்குரிய ஆரம்பப் பாடங்களைக் கற்று வந்தான். நடுமேற்கு மாநிலமொன்றின் பல்கலைக்கழகம் தன்னை மூன்றாம் ஆண்டிற் சேர்த்துக்கொள்ள இசைந்திருப்பதாகவும், அம்மாநிலத்திலேயே மாமா குடியிருப்பதாகவும், போவதற்கு உத்தரவு வேண்டுமென்றும் அவன் எழுதியிருந்தான்.

தாய் மகிழ்ந்தார். “அண்ணன் வீட்டிலே தங்கினால் சாப்பாட்டுச் செலவு இல்லை, அந்த மாநிலத்துப் பிள்ளையென்று கட்டணமும் குறையும்” என்றார். தந்தையோ பிள்ளையின் படிப்புக்காகக் காணியொன்றை விற்றவர். எஞ்சிய பணம் இரண்டு ஆண்டுக்குப் போதும். மூன்று ஆண்டுக்குப் போதாது. “மூன்றாம் ஆண்டில் சேர்ப்பதாகச் சொல்கிறார்கள். இன்னும் இரண்டே ஆண்டில் முடிந்துவிடுமா?” என்று அவர் நம்மிடம் வினவினார். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியுள்ள பெற்றோர் பலருக்கும் இவ்வினா உரியதாகலின், நாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

கட்டணம் இரண்டாகிய காரணம்

நம் நாட்டில் பருத்தித்துறைப் பிள்ளையும் அம்பாந்தோட்டைப் பிள்ளையும் பேராதனையிற் பொறியியல் பயிலலாம். அனுமதியில் மாவட்டக் கணக்கு உண்டேயன்றிக் கட்டணத்தில் வேற்றுமை இல்லை. அமெரிக்காவிலோ நிலைமை வேறு. 1862 ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட மொரில் சட்டத்தின்படி, விவசாயமும் எந்திரக் கலையும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவுதற்காக மாநிலங்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. இன்று புகழ் பெற்று விளங்கும் பொறியியற் கல்லூரிகள் பல அவ்வாறு தோன்றியவையே. அவற்றைப் பேணுவதில் அந்தந்த மாநிலத்தார் செலுத்தும் வரிக்குப் பங்குண்டு. ஆதலால் அம்மாநிலத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டணமும், வெளியார் பிள்ளைக்கு அதனினும் இரு மடங்கோ மும்மடங்கோ ஆன கட்டணமும் விதிக்கப்படுகின்றன.

இவ்வேற்றுமை நீதிமன்றம் வரை சென்றதுண்டு. புதிதாக வந்தவர் ஓராண்டு குடியிருந்த பின்னரே மாநிலத்தவராகக் கொள்ளப்படுவர் என்னும் மினசோட்டா விதியை 1971 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் நிலைநிறுத்திற்று. ஆயினும், வெளியாராகச் சேர்ந்தவர் படிப்பு முடியுங்காறும் வெளியாரே, மாற்றுச் சான்று காட்டவும் இடமில்லை என்ற கனெற்றிக்கட் மாநிலத்தின் விதியை 1973 இல் அந்நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இவையெல்லாம் அந்நாட்டில் நிலையாகக் குடியிருப்போருக்கு உரியவை. மாணவர் விசாவிற் சென்ற பிள்ளை, மாமா வீட்டில் எத்தனை ஆண்டு தங்கினாலும், பொதுவாக மாநிலத்தவனாகக் கருதப்படமாட்டான். தாயாரின் நம்பிக்கை இவ்விடத்தில் தளர்ந்தது. எனினும் அவர் மகன் முன்னைய மாநிலத்திலும் வெளியாருக்குரிய கட்டணத்தையே செலுத்தியவனாதலின், எல்லையைத் தாண்டுவதனால் இவ்வகையில் அவன் இழந்தது ஒன்றுமில்லை.

அங்கே குடியுரிமை பெற்ற நம் உறவினரின் பிள்ளைகளுக்கு வேறொரு வழியுண்டு. மேற்கு மாநிலங்கள் பல தமக்குள் ஓர் உடன்பாடு செய்துள்ளன. அதிற் பங்குபற்றும் கல்லூரிகள், பிற மேற்கு மாநிலத்துப் பிள்ளையிடம் உள்ளூர்க் கட்டணத்தின் 150 சதவீதத்துக்கு மேல் வாங்குவதில்லை. தென் மாநிலங்களிலோ, தன் மாநிலத்தில் இல்லாத துறையை நாடி அயல் மாநிலம் செல்லும் மாணவன், பட்டியலிற் சேர்ந்த துறையாயின், உள்ளூர்க் கட்டணத்திலேயே கற்கலாம். எல்லாக் கல்லூரியும் எல்லாத் துறையும் இவற்றில் அடங்கா; கேட்டறிதல் வேண்டும்.

பாடங்கள் கூட வருமா?

மாநிலம் மாறும் பொறியியல் மாணவனுக்கு மெய்யான இடர், அவன் கற்ற பாடங்கள் அவனோடு கூட வாராமையே. ஒரே மாநிலத்தின் சமூகக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்குமிடையே எப்பாடம் எப்பாடத்துக்கு ஈடு என்னும் உடன்படிக்கை பெரும்பாலும் உண்டு. புளோரிடா, டெக்சாஸ் முதலிய மாநிலங்களிற் பாடங்களுக்குப் பொது இலக்கமே இட்டிருக்கின்றனர். எல்லையைத் தாண்டியதும் அவ்விலக்கம் செல்லாக்காசாகிவிடும்.

தவணை முறையின் வேற்றுமையும் இடர் செய்யும். வாஷிங்டன் மாநிலத்துச் சமூகக் கல்லூரிகளிற் கல்வியாண்டு மூன்று தவணையாகப் பகுக்கப்படும். வேறு பல இடங்களில் இரண்டு அரையாண்டாகப் பகுப்பர். முன்னதில் 45 அலகு பெற்றால், பின்னதில் அது 30 அலகேயாகும். 5 அலகுப் பாடமொன்று மூன்றும் மூன்றிலொரு பங்குமான அலகளவாகச் சுருங்கும். புதிய இடத்தில் அப்பாடத்துக்கு 4 அலகு வேண்டுமாயின் குறை எஞ்சும். நுண்கணிதம் போன்ற தொடர்பாடத்தை நடுவில் விட்டு வந்தவன், புதிய இடத்தில் பாதி தெரிந்ததையும் பாதி தெரியாததையும் ஒருங்கே கற்கும் நிலைக்கு உள்ளாவான்.

பொறியியலில் ஒரு பாடம் மற்றொன்றுக்குப் படியாகும். நுண்கணிதமும் பௌதிகமும் முடித்தவனே நிலையியலுக்குச் செல்வான். நிலையியல் முடித்தவனே இயக்கவியலுக்கும் பொருள்களின் வலிமையியலுக்கும் செல்வான். சில பாடங்கள் ஆண்டில் ஒருமுறையே நடைபெறும். ஆகவே ஒரு படி குறைந்தால் ஓராண்டே குறைந்துவிடக்கூடும். 2004 முதல் 2009 வரையிற் கல்லூரி மாறிய மாணவர், பெற்ற அலகுகளில் ஏறக்குறைய 43 சதவீதத்தை இழந்தனர் என அமெரிக்கச் சமஷ்டி அரசின் கணக்காய்வு நிறுவனம் 2017 இல் மதிப்பிட்டது. “ஏற்றுக்கொண்டோம்” என்று கல்லூரி எழுதினும் பிள்ளை மயங்கலாகாது. பட்டத்துக்குரிய பாடமாக ஏற்றார்களா, வெறும் விருப்பப் பாடமாக ஏற்றார்களா என்பதே வினா.

பெற்றோர் கேட்கவேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு பாடமும் எதற்கு ஈடாகக் கொள்ளப்பட்டது என்பதை, பணம் கட்டுமுன் எழுத்தில் பெறுதல் வேண்டும். அதற்காகக் கற்ற பாடங்களின் விரிவான பாடத்திட்டத்தைப் பிள்ளை பத்திரப்படுத்தல் நன்று. இரண்டாவது, அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மட்டுமோ, விரும்பிய துறைக்கும் உண்டோ என அறிதல் வேண்டும். மூன்றாவது, அத்துறை ‘அபெற்’ என்னும் அங்கீகார சபையின் ஒப்புதல் பெற்றதா எனப் பார்த்தல் வேண்டும். அச்சபை 1989 இன் வாஷிங்டன் உடன்படிக்கையிற் சேர்ந்தது. நம் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் 2014 இல் அதன் முழு உறுப்பாயிற்று. நாடு திரும்பித் தொழில் செய்ய விரும்பும் பிள்ளைக்கு இது மிக முக்கியம். நான்காவது, விசாவுக்குரிய ஐ-20 பத்திரம் புதிய கல்லூரியின் பெயருக்கு முறைப்படி மாற்றப்படல் வேண்டும்.

தந்தையார் இவற்றை மகனுக்கு எழுதினார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த விபரத்தில் இரு குறைகள் தெரிந்தன. நுண்கணிதத் தொடரின் நான்காம் பகுதியை மகன் இன்னும் கற்கவில்லை, இயக்கவியலும் இல்லை. பழைய கல்லூரியில் மேலும் ஒரு தவணை தங்கி, குறைந்த கட்டணத்தில் அவ்விரண்டையும் முடிப்பதென்றும், அவை ஏற்கப்படும் என்பதை முன்னரே எழுத்திற் பெறுவதென்றும் தீர்மானித்தனர். மாமா வீட்டுக்கு அவன் ஒரு தவணை பிந்தியே போய்ச் சேர்ந்தான்.

“இரண்டு ஆண்டு இரண்டரை ஆண்டாயிற்று. அந்த அரை ஆண்டுக்கு இப்போதே வழி தேடிவிட்டேன். இரண்டென்று நம்பியிருந்து, நடுவிலே மூன்றென்று தெரிந்திருந்தால் பிள்ளையைத் திருப்பியல்லவா அழைத்திருப்பேன்?” என்றார் தந்தையார். பிள்ளையின் அனுமதிக் கடிதத்தைக் கண்டு மகிழும் பெற்றோர், மகிழ்ச்சியோடு அதன் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக!