வாயைத் திறக்க மாட்டேங்குறாங்களா? காரணம் இருக்கு

பல் டாக்டர்கிட்ட போறதுன்னாலே நம்மில் பல பேருக்கு வயித்தைக் கலக்கும். ஆனா வலிக்குதுன்னு நாம வாய்விட்டுச் சொல்லிடுவோம். பேச்சு வராத ஒருத்தர் எப்படிச் சொல்லுவார்? சாப்பாட்டைத் தள்ளிவிடுவார், கன்னத்துல அடிச்சுப்பார், ராத்திரி தூங்க மாட்டார். வீட்டுல அதை 'அடம்'னு நினைச்சுடுவாங்க. விஷயம் புரியுறதுக்குள்ள, பல்லைப் பிடுங்குற நிலைமைக்கு வந்திருக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த ஆபத்து கொஞ்சம் கூடவே இருக்கு. வலிப்புக்குக் கொடுக்குற பெனிடாயின் மாத்திரை ஈறைத் தடிக்க வைக்கலாம். டவுன் சிண்ட்ரோம் இருக்குறவங்களுக்கு ஈறு நோய் சின்ன வயசுலயே வரலாம். பெருமூளை வாதம் இருந்தா பிரஷ்ஷைப் பிடிக்கிறதே கஷ்டம். தினமும் குடிக்கிற இனிப்பு சிரப்பும் பல்லைச் சொத்தையாக்கும்.

சரி, கிளினிக்ல என்ன செய்யலாம்? 1959-லயே வந்த ஒரு முறை இருக்கு: சொல்லு, காட்டு, செய். கருவி என்னன்னு முதல்ல சொல்லணும், அப்புறம் விரல் நகத்துல வச்சுக் காட்டணும், அதுக்கப்புறம்தான் பல்லுல வைக்கணும். ஆட்டிசம் இருக்குறவங்களுக்கு டிரில் சத்தமும் பளிச்சுனு அடிக்கிற லைட்டுமே தாங்க முடியாம போகலாம். அதனால முதல் தடவை சும்மா சேர்ல உட்கார்ந்துட்டு வந்தாலே போதும். அடுத்த தடவை கண்ணாடியை மட்டும் வச்சுப் பார்க்கலாம். வீல்சேர்ல வர்றவங்க பல பேருக்கு அதுல இருந்தபடியே வைத்தியம் பார்க்க முடியும். எதுவுமே சரிப்படலைன்னா, ஆஸ்பத்திரியில மயக்க மருந்து கொடுத்து, பல வேலைகளை ஒரே நாள்ல முடிக்கிறதும் உண்டு.

இதுக்கெல்லாம் டாக்டருக்கு நேரம் வேணும். அதனால அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே போன்ல மூணு விஷயம் சொல்லிடுங்க: என்ன மருந்து சாப்பிடுறாங்க, இதயக் கோளாறு இருக்கா, எதைக் கண்டா மிரளுவாங்க. டவுன் சிண்ட்ரோம் இருக்குறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். சிலவகைக் கோளாறுக்கு, பல் பிடுங்குறதுக்கு முன்னாடியே ஆன்டிபயாடிக் கொடுக்கணும்.

வீட்டுல நீங்க பல் தேய்ச்சு விடுறீங்கன்னா, பின்னாடி நின்னு தலையை உங்க மேல சாய்ச்சுக்கோங்க. அவங்களே தேய்க்க முடியும்னா, பிரஷ் கைப்பிடியில சைக்கிள் கிரிப்பை மாட்டிக் கொடுங்க. ஃபுளோரைடு பேஸ்ட், நாளைக்கு 2 தடவை.

கடைசியா ஒண்ணு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 25-வது பிரிவு, தனியார் ஆஸ்பத்திரியிலயும் தடையில்லாம உள்ளே போற வசதி வேணும், சிகிச்சையில முன்னுரிமை வேணும்னு சொல்லுது. "இங்க பார்க்க மாட்டோம்"னு யாராவது சொன்னா, தயங்காம இதை எடுத்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!