காற்றை நம்பிய எஞ்சின்

தண்ணீரே இல்லாமல் ஓடும் பழைய போர்ஷே கார்களுக்கு எமன் வயது அல்ல, வெப்பம். அதைத் தடுக்கும் வழிகளோ பெரும்பாலும் மலிவானவை.

ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் பம்ப் கிடையாது. கொதித்து வழிவதற்கு எதுவுமே கிடையாது. அதனால்தான் இந்த கார் சூடாகும்போது மற்ற கார்களைப் போல நீராவியைக் கிளப்பி ஊரைக் கூட்டுவதில்லை. சத்தமில்லாமல் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகிறது. டாஷ்போர்டில் ஆயில் வெப்பத்தைக் காட்டும் சிறிய ஊசி மட்டும் மெல்ல மேலே ஏறுகிறது. ஓட்டுபவர் அதைக் கவனிக்காவிட்டால் அடுத்துக் கவனிக்கப்போவது மெக்கானிக்கின் பில்லை.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1964 முதல் 1998 வரை காற்றால் குளிரும் எஞ்சினோடு தயாரான போர்ஷே 911 ரகத்தின் கதை இது. அதன் பிறகு வந்த 911கள் எல்லாம் தண்ணீருக்கு மாறிவிட்டன. பழைய ரகத்தின் தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனால் மவுசு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. காரோடு பிறந்த எஞ்சின் அதே நம்பரோடு இருந்தால்தான் சேகரிப்பாளர்கள் முழு விலை கொடுப்பார்கள். அந்த எஞ்சின் வெப்பத்தில் பாழானால் போவது ஓர் இயந்திரம் மட்டுமல்ல, காரின் பிறப்புச் சான்றிதழும்தான்.

சூடாகிறது என்றதும் பல உரிமையாளர்கள் முதலில் தேடுவது பெரிய ஆயில் கூலர், கூடுதல் மின்விசிறி போன்ற சமாச்சாரங்களை. பெரும்பாலான கார்களுக்குத் தேவை அதுவல்ல. தொழிற்சாலை கொடுத்து அனுப்பியதில் இடையில் எது காணாமல் போனது என்று கண்டுபிடித்துத் திரும்ப வைப்பதே முதல் வைத்தியம்.

பாதி காற்று, பாதி ஆயில்

இந்த எஞ்சினுக்குப் பாட்டன் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே அதை வடிவமைத்தபோது தண்ணீரைத் தவிர்த்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. ஜெர்மனியின் குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துவிடும், காற்று உறையாது. போர்ஷே பெயரில் 1948ல் வந்த 356 காரும் பீட்டிலின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டதுதான். அதன் வாரிசாக வந்த 911க்கு ஆறு சிலிண்டர்கள், 2 லிட்டர் கொள்ளளவு, 130 குதிரைசக்தி.

நம் ஊர் புல்லட் மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் உலோகத் துடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அவற்றின் மீது பட்டு வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. 911 எஞ்சினிலும் அதே துடுப்புகள்தான். ஆனால் அது காரின் பின்பக்கம், மூடிய அறைக்குள் படுத்திருக்கிறது. எதிர்க்காற்று அங்கே எட்டாது. எனவே எஞ்சினின் தலைமாட்டில் 11 இதழ்கள் கொண்ட பெரிய விசிறி. எஞ்சினின் சுழற்சியே ஒரு பெல்ட் வழியாக அதைச் சுற்றுகிறது. ஃபைபர் கிளாஸ் மூடி ஒன்று அந்தக் காற்றைச் சிதறவிடாமல் சிலிண்டர்கள் மீது செலுத்துகிறது. சூடேறிய காற்று காருக்கு அடியில் வெளியேறுகிறது.

மீதி வேலை ஆயிலுடையது. சாதாரண கார் எஞ்சினுக்கு 4 அல்லது 5 லிட்டர் ஆயில் போதும். இதற்கு ஆரம்ப காலத்தில் சுமார் 9 லிட்டர், 1980களின் மாடல்களில் சுமார் 13 லிட்டர். தனி டாங்கில் இருக்கும் இந்த ஆயில் எஞ்சினின் சூட்டை ஏந்திக்கொண்டு கூலருக்குப் போய்வருகிறது. வேகமான 911 எஸ் மாடலுக்கு எஞ்சினோடு இருந்த கூலர் போதவில்லை. எனவே 1969 மாடலில் முன் வலது சக்கரத்துக்கு மேலே இரண்டாவது கூலர் ஒன்று வந்தது. ஆக, காற்றால் குளிரும் எஞ்சின் என்பது பாதி உண்மைதான்.

மக்னீசியத்தின் பாடம்

வெப்பத்தோடு விளையாடினால் என்ன ஆகும் என்பதை 1970களின் 2.7 லிட்டர் எஞ்சின் காட்டியது. எடையைக் குறைப்பதற்காக 1968 மாடலிலிருந்து கிராங்க்கேஸை மக்னீசியக் கலவையில் வார்த்தது போர்ஷே. எஞ்சின் சிறியதாக இருந்தவரை பிரச்சினை இல்லை. 2.7 லிட்டராகப் பெருத்தபோது வெப்பமும் பெருகியது. போதாக்குறைக்கு அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக, மிச்சமுள்ள எரிபொருளை எரித்துத் தீர்க்கும் ரியாக்டர்களை சிலிண்டர்களுக்கு அடியிலேயே பொருத்தினார்கள். அடுப்புக்குக் கீழே இன்னோர் அடுப்பு. 1976, 77 மாடல்களிலோ விசிறியின் இதழ்கள் 11லிருந்து 5 ஆகக் குறைந்தன.

விளைவு? சூடு ஏறினால் மக்னீசியம் இரும்பைவிட அதிகமாக விரிகிறது. சிலிண்டர் ஹெட்டை இழுத்துப் பிடித்திருக்கும் இரும்பு ஸ்டட்கள் மென்மையான மக்னீசியத்திலிருந்து மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. பிடி தளர்ந்ததும் ஹெட் கசிந்தது. இன்று அந்த எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடுபவர்கள் ஸ்டட் துளைகளில் எஃகு மரைக்கூடுகளை இறக்கித்தான் மறுபடி பூட்டுகிறார்கள். போர்ஷேவும் பாடம் கற்றது. 1978ல் வந்த 911 எஸ்.சி. மாடலில் கிராங்க்கேஸ் அலுமினியத்துக்குத் திரும்பியது. 11 இதழ் விசிறியும் திரும்பி வந்தது.

முதலில் ரப்பர், பிறகுதான் கூலர்

வெப்பத்தைத் துரத்தும் வேலை எங்கிருந்து தொடங்க வேண்டும்? பலரும் குப்பையில் போடும் ஒரு ரப்பர் பட்டையிலிருந்து. எஞ்சினுக்கு மேல் பக்கம் குளிர்ந்த காற்று, அடிப்பக்கம் சூடான காற்று. இரண்டையும் பிரிப்பது எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும், அவற்றுக்கும் பாடிக்கும் இடையே ஓடும் ரப்பர் சீலும்தான். எஞ்சினை இறக்கி ஏற்றும்போது ஒரு தகடு விடுபட்டாலோ, ரப்பர் காய்ந்து உதிர்ந்தாலோ, தான் வெளியேற்றிய சூட்டையே விசிறி திரும்ப உறிஞ்சுகிறது. எத்தனை கூலர் வைத்தாலும் இதற்கு மருந்தாகாது.

அடுத்தது துப்புரவு. எங்கோ சிறிதாகக் கசியும் ஆயிலும் சாலைப் புழுதியும் சேர்ந்து துடுப்புகளின் மீது கம்பளி போலப் படிந்துவிடும். நீண்ட நாள் நிறுத்தி வைத்த கார் என்றால் விசிறி மூடிக்குள் எலிக்கூடுகூட இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

மூன்றாவது ஃபேன் பெல்ட். அது தளர்ந்தால் விசிறி வழுக்கும். அறுந்தால் நின்றே போகும். விசிறியின் நடுவில்தான் ஆல்டர்னேட்டர் இருக்கிறது. எனவே பெல்ட் அறுந்தால் சார்ஜ் விளக்கு எரியும். சில கார்களில் அந்த விளக்கைப் பார்த்துவிட்டு வீடு வரை ஓட்டிப் போகலாம். இதில் அந்த நொடியே ஓரங்கட்ட வேண்டும். டூல் கிட்டில் ஒரு ஸ்பேர் பெல்ட் இருப்பது கட்டாயம்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத வெப்பம். இக்னிஷன் டைமிங் பின்தங்கினாலும், கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலும் எஞ்சின் தேவைக்கு மேல் கொதிக்கும். வாசலில் நிற்கும் குற்றவாளியை விட்டுவிட்டு ஆயில் கூலரை மாற்றிப் பயனில்லை.

கடைசியாக ஆயில். இதன் அளவை எஞ்சின் நன்றாகச் சூடாகி, சமதளத்தில் நின்று ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். மற்ற கார்களைப் போல காலையில் குளிர்ந்த எஞ்சினில் பார்ப்பவர்கள், குறைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள். அது வழிந்து புகையாகும். முன் கூலருக்குப் போகும் ஆயில் குழாய்கள் காரின் வலப்பக்க அடியில் ஓடுகின்றன. ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்து அவற்றை நசுக்கிய ஒர்க்ஷாப்கள் உண்டு. நசுங்கிய குழாயில் ஆயில் திணறும். கூலர் இருந்தும் இல்லாத கதைதான்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஊசி ஏறினால், அப்போது கூலரைப் பற்றி யோசிக்கலாம். ஆயில் 80 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் கவலை இல்லை. 120ஐத் தொட்டால் வேகத்தைத் தணித்து, நிழல் தேட வேண்டிய நேரம்.

வெயில் கணக்கு

ஸ்டுட்கார்ட்டின் 20 டிகிரி காற்றுக்குப் பழகிய எஞ்சின் டெல்லியின் மே மாதத்தில் என்ன செய்யும்? கணக்கு எளிது. கூலரில் ஆயில் 105 டிகிரி, வெளிக்காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 85. அந்த வித்தியாசம்தான் சூட்டை வெளியே தள்ளுகிறது. காற்று 45 டிகிரியானால் வித்தியாசம் 60 மட்டுமே. அதே கூலர், அதே விசிறி. ஆனால் குளிர்விக்கும் திறனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது. பல மாடல்களில் ஏ.சி.யின் கண்டன்சர் எஞ்சின் மூடியிலேயே இருக்கிறது. ஏ.சி.யைப் போட்டால் விசிறிக்குப் போகும் காற்றே சூடாகத்தான் போகும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021ல் கொண்டுவந்த விதிகளின்படி, 50 வயது கடந்து வின்டேஜாகப் பதிவாகும் வாகனங்களுக்கு 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட தனி நம்பர் கிடைக்கும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அவை சாலைக்கு வரலாம். அதாவது அதிக வேலை பேரணியில். பேரணி என்றால் ஊர்வலம். ஊர்வலம் என்றால் ஆமை வேகம். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். முன் கூலருக்கோ எதிர்க்காற்றே இல்லை. 150 கிலோமீட்டர் வேகத்தில் அலட்டிக்கொள்ளாத கார், கூட்டத்துக்கு நடுவே கையசைத்து நகரும்போது தவிக்கிறது. மேல் கியரில் முக்கவைக்காமல் கீழ் கியரில் எஞ்சினைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிடுவதே அப்போது செய்யக்கூடியது.

காற்றின் எல்லையை போர்ஷேவும் உணர்ந்திருந்தது. 1986ல் வந்த அதன் 959 காரில், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வைத்தபோது ஹெட்டுகளைக் குளிர்விக்கத் தண்ணீரைத்தான் நாடியது. இருந்தும் 130 குதிரைசக்தியில் தொடங்கிய 911, காற்றையும் ஆயிலையும் மட்டுமே நம்பி, கடைசித் தலைமுறையில் டர்போ இல்லாமலே 272ஐத் தொட்டது. அந்தப் பொறியாளர்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை. அவர்கள் வைத்த ரப்பர் பட்டை இன்னும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இன்றைய உரிமையாளரின் வேலை.