கண்ணாடி இழைப் படகில் இற்றுப்போன மரம்: செப்பனிடுவதா, கைவிடுவதா?

கண்ணாடி இழைப் படகுக்கு அழிவே இல்லை என்னும் எண்ணம் நம் நாட்டுக் கடற்கரைகளில் பரவலாக நிலவுகிறது. அது மரப்படகைப் போலக் கடற்புழுக்களுக்கு இரையாவதில்லை; இரும்புக் கலத்தைப் போலத் துருப்பிடிப்பதுமில்லை. ஆயினும், மீனவர் ‘பைபர் படகு’ என வழங்கும் கலங்கள் பலவற்றின் உள்ளே மரம் மறைந்திருக்கிறது. எஞ்சினைத் தாங்கும் பின்புறப் பலகை, அடிப்பகுதியில் நீளவாட்டில் ஓடும் சட்டங்கள், நடமாடும் தளம் ஆகியவை ஒட்டுப்பலகையாலோ மரத்தாலோ செய்யப்பட்டு, மேலே கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு மூடப்பட்டிருக்கும். வெளியோடு பளபளப்பாக இருக்கும்போதே உள்மரம் இற்றுப்போவது இப்படகுகளுக்கு நேரும் பெருங்கேடு ஆகும்.

இந்தியாவின் கிழக்குக் கரையில் இவ்வகைப் படகுகள் பெருகியதற்குக் காரணங்கள் உண்டு. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட வங்காள விரிகுடாத் திட்டம், மணற்கரையிலிருந்தே அலையைக் கடந்து செல்லத்தக்க படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், நிவாரணமாக ஏராளமான கண்ணாடி இழைப் படகுகள் வழங்கப்பட்டன. அவற்றுள் சில அவசரத்தில் கட்டப்பட்டவை. அக்காலப் படகுகளின் வயது இன்று இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஆதலின், பழைய படகைச் செப்பனிடுவதா, கைவிடுவதா என்னும் கேள்வியுடன் மீனவர்கள் களப்பணியாளரை அணுகுதல் இயல்பே. தவறான விடை இருவகையில் கேடு பயக்கும். உறுதி குன்றிய படகு கடலில் உயிரைப் பறிக்கக்கூடும். நல்ல ஓட்டை வீணே கைவிட்டாலோ, ஒரு குடும்பம் புதுப்படகுக் கடனில் ஆழ்ந்துவிடும்.

மரம் இற்றுப்போவது எதனால்?

மரத்தை இற்றுப்போகச் செய்பவை பூஞ்சைகள். அவை வளர்வதற்கு ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய மூன்றும் தேவை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்குமாயின் பூஞ்சை வளர்வதில்லை. ஏறக்குறைய 30 சதவீதத்தை எட்டும்போது மரத்தின் செல்சுவர்கள் நீரால் நிறைந்துவிடுகின்றன; அதற்குமேல் பூஞ்சையின் வேலை விரைவாக நடைபெறும்.

இங்கு வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. கடல்நீரைக் காட்டிலும் மழைநீரே மறைந்துள்ள மரத்துக்குப் பெரும்பகை. உப்பு இப்பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடைசெய்கிறது. மழைக்காலத்தில் கரையில் நிமிர்த்தி வைக்கப்பட்டு, மூடப்படாமல் கிடக்கும் படகில் நன்னீர் தேங்குகிறது. பின்னர் அந்நீர் திருகாணித் துளைகள், எஞ்சின் மரையாணித் துளைகள், தளத்தின் விரிசல்கள் ஆகியவற்றின் வழியே மரத்தைச் சென்றடைகிறது. உட்புகுந்த நீரை வெளியேறவிடாமல் கண்ணாடி இழை ஓடு தடுத்துவிடும். மரத்தைக் காப்பதற்கென அமைந்த போர்வையே ஈரத்தைச் சிறைப்படுத்தும் உறையாக மாறிவிடுகிறது.

மரம் என்ன வேலை செய்தது?

எவ்வளவு மரம் இற்றுப்போயிற்று என்று கேட்பதற்கு முன், அம்மரம் அவ்விடத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்டல் வேண்டும். முடிவு பெரும்பாலும் இவ்வினாவின் விடையையே பொறுத்தது.

சில படகுகளில் நீளவாட்டுச் சட்டத்தின் மரம் ஓர் அச்சு மட்டுமே. அதன்மீது போர்த்தப்பட்ட தடித்த கண்ணாடி இழையே பாரத்தைத் தாங்குகிறது. அத்தகைய சட்டத்தில் மரம் இற்றிருப்பினும், மேலுள்ள இழை அடியோட்டுடன் உறுதியாக ஒட்டியிருந்தால் படகின் வலிமை பெரிதும் குறைவதில்லை.

பின்புறப் பலகையின் நிலை வேறு. அங்கு இரண்டு மெல்லிய இழை அடுக்குகளுக்கு நடுவே மரம் இருக்கும். இரு அடுக்குகளையும் விலக்கிப் பிடித்து, ஒருங்கே வேலை செய்விப்பது அம்மரமே. 3 மி.மீ. தடிப்புள்ள இரண்டு அடுக்குகளுக்கு நடுவே 18 மி.மீ. மரம் இருப்பதாகக் கொள்வோம். மரம் நன்றாக ஒட்டியிருக்கும்போது அவ்விரு அடுக்குகளும் வளைவை எதிர்க்கும் திறன், அவை தனித்தனியே நிற்கும்போது உள்ள திறனைப்போல் நூறு மடங்குக்கும் மேலாகும் என்பது கணக்கால் விளங்கும். மரம் கூழாகிவிட்டால் இந்தத் திறன் முழுவதும் மறைந்துபோகும். வெளியே ஒரு கீறலும் தென்படாத பின்பலகை, எஞ்சினின் உந்துதலால் நடுக்கடலில் பிளவுபடுதல் இதனாலேயே நேர்கிறது.

சோதிக்கும் முறை

செலவில்லாத சோதனைகளை முதலிற் செய்க. சிறிய மரச்சுத்தியலால் ஓட்டை நான்கு விரற்கடைக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே செல்க. நல்ல இடத்தில் ஒலி கணீரென்று இருக்கும். இற்றுப்போன இடத்திலும் அடுக்குகள் பிரிந்த இடத்திலும் மழுங்கி ஒலிக்கும். அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வந்தால், இறுதியில் நோயின் வரைபடம் ஒன்று கிடைத்துவிடும்.

அடுத்து, எஞ்சின் பொருத்தப்பட்ட நிலையில் அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க. எஞ்சினுடன் பின்பலகையும் சேர்ந்து அசையுமாயின் உள்மரம் ஐயத்துக்குரியது. தளத்தின்மேல் நடக்கும்போது அது அமிழ்ந்து மீள்கிறதா என்பதையும் காண்க.

இவற்றின் பிறகும் ஐயம் நீங்காவிடில், உட்புறத்திலிருந்து 5 மி.மீ. அளவில் சில துளைகள் இடலாம். வெளியோட்டைத் துளைத்தல் கூடாது. வெளிவரும் துருவல் வெளிறி, உலர்ந்து, மரமணத்துடன் இருப்பின் நன்று. கறுத்து, நனைந்து, புளித்த நாற்றம் வீசினால் அப்பகுதி இற்றுப்போயிற்று எனக் கொள்க. துருவலை எடைபோட்டு, நன்கு உலர்த்தி, மீண்டும் எடைபோட்டால் ஈரப்பதத்தைக் கணக்கிடலாம். ஈரத்துடன் 15 கிராமும் உலர்ந்தபின் 10 கிராமும் இருப்பின், இழந்த 5 கிராமை உலர் எடையாகிய 10 கிராமால் வகுக்க வேண்டும். ஈரப்பதம் 50 சதவீதம். சோதனை முடிந்ததும் துளைகளைப் பிசினால் அடைத்துவிடுதல் வேண்டும்.

முடிவு செய்தல்

அடியோடு உறுதியாக இருந்து, கேடு பின்பலகையிலோ தளத்திலோ மட்டும் நின்றிருந்தால் செப்பனிடுதல் தக்கது. பின்பலகை முழுவதும் கூழாகியிருந்தாலும் இம்முடிவு மாறாது. அது வரம்புக்குட்பட்ட வேலையே.

நீளவாட்டுச் சட்டங்கள் அடியோட்டிலிருந்து பிரிந்திருந்தால், தளம் முழுவதையும் அகற்றியே வேலை செய்ய இயலும். அப்போது மரம், பிசின், இழை, கூலி ஆகியவற்றுடன், படகு கரையில் கிடக்கும் நாட்களின் வருமான இழப்பையும் செலவாகச் சேர்த்துக் கணக்கிடுக. அத்தொகையைச் செப்பனிட்ட பின் படகுக்குக் கிடைக்கும் விலையுடனும், அது உழைக்கக்கூடிய ஆண்டுகளுடனும் ஒப்பிட்டு முடிவு செய்க.

அடியோட்டிலேயே அடுக்குகள் பரவலாகப் பிரிந்திருந்தாலும், ஏராவின் நெடுக விரிசல் ஓடியிருந்தாலும், பழைய ஒட்டுவேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தாலும், அப்படகைக் கடலுக்கு அனுப்பாதிருத்தலே அறிவுடைமை. புதுமரம் எவ்வளவு வைத்தாலும் நலிந்த ஓட்டை அது காப்பாற்றாது.

செப்பனிடுவோர் கவனத்துக்கு

இற்ற மரத்தில் துளையிட்டுப் பிசினை ஊற்றி அடைப்பது பலர் கையாளும் குறுக்குவழி. ஈரமரத்தில் பிசின் பற்றாதாதலால் இதனால் பயன் விளைவதில்லை. நல்ல மரம் தென்பட்ட பின்னும் ஒரு சாண் அளவு அப்பால் வெட்டி நீக்குக. பூஞ்சையின் நுண்ணிழைகள் கண்ணுக்குத் தெரியும் எல்லையைக் கடந்து பரவியிருக்கும். எஞ்சியதை நிழலில் நன்கு உலரவிடுக. கடல்வகை ஒட்டுப்பலகைக்கு உரிய இந்தியத் தரம் 710-க்கு இணங்கிய பலகையையே வாங்குக. பழைய இழைப்பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பின்னரே புதிய அடுக்கை இடவேண்டும். பழைய ஓட்டில் ஒட்டுவதற்குப் பாலியெஸ்டர் பிசினைவிட எபாக்சிப் பிசின் சிறந்தது. விலை மிகுதி எனினும், எஞ்சின் பாரத்தைத் தாங்கும் இடத்தில் அச்செலவு தகும். புதிய துளை ஒவ்வொன்றின் உட்சுவரையும் பிசினால் பூசி அடைக்காவிடில் பழைய நோய் மீண்டும் தோன்றும்.

பாலியெஸ்டர் பிசினை இறுகச் செய்யும் பெராக்சைடையும், விரைவூட்டியாகிய கோபால்ட்டுக் கரைசலையும் நேரடியாக ஒன்றுடன் ஒன்று கலத்தல் ஆகாது. தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். ஒன்றைப் பிசினில் நன்கு கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். பெராக்சைடு ஒரு துளி கண்ணிற் பட்டாலும் பார்வைக்குக் கேடு. தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூள் நுரையீரலைச் சென்றடையாதபடி முகமூடி அணிதல் இன்றியமையாதது.

வகுப்பறையில் செய்து காட்ட

ஆசிரியர்கள் இரண்டு எளிய சோதனைகளால் இவ்வுண்மைகளை விளக்கலாம். ஒரே அளவான இரண்டு மரத்துண்டுகளை ஒருநாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, ஒன்றைத் திறந்தும், மற்றதைப் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டியும் வைக்க. நாள்தோறும் எடைபோட்டால், திறந்த துண்டு எடை குறைந்துகொண்டே வர, உறையிலிட்டது ஈரத்தைவிடாமல் வைத்திருப்பது புலனாகும். இரண்டாவதாக, இரு அட்டைப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வளைக்கச் செய்க, எளிதில் வளையும். அவற்றின் நடுவே தெர்மோகோல் பட்டையொன்றைப் பசையிட்டு ஒட்டி, உலர்ந்தபின் வளைக்க முயன்றால் அது வளைய மறுக்கும். பின்பலகையின் இயல்பை மாணவர் கைகளாலேயே உணர்வர்.

கைவிடப்பட்ட படகு குறித்தும் ஒரு சொல். இறுகிய பாலியெஸ்டர் பிசினை மீண்டும் உருக்கி வார்க்க இயலாது. திறந்த வெளியில் எரித்தால் நச்சுப்புகை எழும். மணலில் விட்டால் தலைமுறைகள் கடந்தும் கிடக்கும். எனவே, நல்ல ஓடுள்ள படகைக் காப்பது உரிமையாளருக்கு மட்டுமன்றிக் கரைக்கும் நன்மை. ஆண்டுதோறும் மழைக்கு முன் படகை மூடியோ கவிழ்த்தோ வைத்து, ஆணித்துளைகளைப் பார்வையிட்டு அடைக்கும்படி களப்பணியாளர்கள் மீனவருக்கு அறிவுறுத்துவார்களாயின், இக்கட்டுரையில் கூறிய வேலைகளிற் பெரும்பாலானவை தேவைப்படாமலே போகும்.