தொட்டியில் பிறக்கும் நத்தைகள்

சிகிச்சை முடிந்து இல்லம் திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, வீட்டிலுள்ள மீன்தொட்டியை என்ன செய்வது என்பதாகும். நோய்த்தொற்றுக்கு அஞ்சி அதனை அப்புறப்படுத்திவிடப் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலான வீடுகளில் அதற்குத் தேவை எழுவதில்லை. நெடுநாள் படுக்கையில் இருப்பவர்க்கும், பள்ளி செல்ல இயலாத குழந்தைக்கும், மெல்ல அசையும் ஓர் உயிரைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆறுதல் தருவதாகும். தொட்டியில் எவ்வுயிர் வாழ்கிறது, அதற்குள் யாருடைய கை செல்கிறது என்னும் இரண்டிலும் கவனம் இருந்தால் போதும். அவ்வகையில், இன்று பல வீடுகளில் வளர்க்கப்படும் நத்தைகளைப் பற்றி இவ்விதழில் கூறுகிறோம்.

வண்ணமீன் கடைகளில் ‘மிஸ்டரி நத்தை’ என்றும் ‘ஆப்பிள் நத்தை’ என்றும் விற்கப்படுபவற்றுள் பொமேசியா டிஃபியூசா என்னும் இனம் வீட்டுக்கு ஏற்றது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது, மீன்கள் விட்ட இரையையும் அழுகிய இலைகளையும் உண்டு வாழ்கிறது. இவற்றில் ஆணும் பெண்ணும் தனித்தனியானவை. ஆயினும், ஒருமுறை இணைசேர்ந்த பெண் நத்தை பல மாதங்கள் கழித்தும் கருவுற்ற முட்டைகளை இட வல்லது. ஒரே ஒரு நத்தையை வாங்கி வந்த வீட்டிலும் முட்டைக்கொத்து தோன்றுவது இதனால்தான்.

நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

கோவை மக்கள் குழாய் நீரை ‘நல்ல தண்ணீர்’, ‘உப்புத் தண்ணீர்’ என்று பிரித்துச் சொல்வது வழக்கம். சிறுவாணி நீரின் சுவையை நாம் பெருமையுடன் பேசுகிறோம். அந்நீரில் கரைந்துள்ள உப்புகள் மிகக் குறைவு. நமக்கு இனிமையான அந்நீரே நத்தைக்குக் குறையாகிறது; ஓடு கட்டுவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் போதிய அளவில் இல்லை. ஓட்டின் முனை வெளுத்துக் குழி விழத் தொடங்கினால் இக்குறையை அறிந்துகொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்று நீரைச் சிறிது கலந்தோ, கழுவிக் காயவைத்துப் பொடித்த முட்டை ஓட்டையோ கணவாய் ஓட்டையோ தொட்டியில் இட்டோ இதனைச் சரிசெய்யலாம். மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்குமாதலால், வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

செப்புக்குடத்தில் வைத்த நீரை மட்டும் ஒருபோதும் ஊற்றலாகாது. செம்பு நத்தைகளுக்கு நஞ்சாகும். மீன்களின் நோய்க்கென விற்கப்படும் சில மருந்துகளிலும் செம்பு கலந்திருப்பதால், நத்தையுள்ள தொட்டியில் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

முட்டை முதல் குஞ்சு வரை

இந்நத்தை தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. இரவில் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி, கண்ணாடிச் சுவரிலோ மூடியின் அடியிலோ கொத்தாக இடுகிறது. ஆகவே நீருக்கும் மூடிக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி விடுதல் நன்று. கொத்து முதலில் மென்மையாக இருந்து, ஓரிரு நாட்களில் இறுகும். அதன்பின் மெதுவாக நகர்த்திப் பெயர்த்து, ஈரத்துணி விரித்த மூடியுள்ள நெகிழிப் பெட்டியில் வைத்து, அப்பெட்டியைத் தொட்டி நீரின் மேல் மிதக்க விடலாம். இட்லி வேகும் பாத்திரத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம்: ஈர ஆவி சுற்றிலும் இருக்க வேண்டும், நீர் மேலே சொட்டக் கூடாது. நீரில் மூழ்கிய முட்டை மூச்சுமுட்டி இறந்துவிடும்.

வெப்பத்தைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு வாரங்களில் முட்டைகள் பொரிக்கின்றன. பொரிக்கும் காலம் நெருங்குகையில் கொத்தின் நிறம் மங்கிக் கருமை படரும். வெளிவரும் குஞ்சுகள் கடுகளவே இருக்கும். ஆயினும் ஓட்டுடனேயே பிறக்கின்றன. வடிகட்டிக் கருவி அவற்றை உறிஞ்சிவிடாதிருக்க, அதன் வாயில் பஞ்சு பொருத்துங்கள். வேகவைத்த கீரை, சுரைக்காய், வெள்ளரித் துண்டு ஆகியவை போதுமான உணவாகும். உண்ணாது எஞ்சியதை அன்றே எடுத்துவிட வேண்டும். இல்லையேல் நீர் கெடும்.

குளத்து நத்தை வேண்டா

கடையில் விலை கொடுத்து வாங்குவானேன், குளத்திலும் வயலிலும் நத்தைகள் கிடைக்கின்றனவே என்று சிலர் கருதலாம். அதனைத் தவிர்க்குமாறு வேண்டுகிறோம். நன்னீர் நத்தைகள் பல ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு இடைநிலை உறைவிடமாக இருப்பவை. மகாராஷ்டிர மாநிலம் இரத்தினகிரி மாவட்டத்துக் கிம்வி என்னும் சிற்றூரில், நத்தை வழியே பரவும் சிஸ்டோசோமியாசிஸ் நோய் மக்களிடையே இருந்தது 1952இல் வெளியிடப்பட்டது. 2006இல் சீனத்தின் பெய்ஜிங் நகரில், சரியாக வேகாத ஆப்பிள் நத்தைகளை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர், எலியின் நுரையீரற்புழுவால் மூளையுறை அழற்சிக்கு ஆளாயினர்.

இப்புழுக்கள் முட்டை வழியே தாயிடமிருந்து குஞ்சுக்குச் செல்வதில்லை. எலியின் எச்சமோ பிற உயிர்களின் கழிவோ கலந்த நீரிலும் மண்ணிலும் வாழும்போதே நத்தை அவற்றைப் பெறுகிறது. ஆகவே, மூடிய தொட்டியில் பொரித்து, தூய நீரிலேயே வளர்ந்த நத்தை, குளத்திலிருந்து எடுத்து வந்த நத்தையைவிடப் பெரிதும் பாதுகாப்பானது. வீட்டிலேயே பொரிக்கச் செய்வதன் பயன் இதுவே.

கையைப் பற்றிய கவனம்

எனினும் தொட்டி நீர் கிருமியற்ற நீர் அன்று. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா அதில் இருக்கக்கூடும். மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் மற்றொரு நுண்ணுயிர், காசநோய்க் கிருமியின் உறவினம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மீன்காட்சியகத்து மீன்களில் 1926இல் கண்டறியப்பட்டது. கையிலுள்ள கீறல் வழியே இது நுழைந்தால், சில வாரங்களுக்குப் பின் விரலிலோ புறங்கையிலோ சிவந்த கட்டி ஒன்று தோன்றும். சிலருக்கு அது மேற்கையை நோக்கி வரிசையாகப் பரவும். சாதாரணக் கட்டிக்குத் தரும் மருந்தால் இது ஆறாது. உரிய மருந்தைப் பல மாதங்கள் உட்கொள்ள நேரிடும். நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தொட்டியின் நினைவு வர வழியில்லை. ஆறாத புண்ணுடன் வரும்போது, “எங்கள் வீட்டில் மீன்தொட்டி உண்டு” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அச்செய்தி நோயை விரைவில் இனங்காணப் பெரிதும் உதவும்.

புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், வெள்ளணுக்கள் குறைந்திருப்போர், கையில் புண்ணுள்ள நீரிழிவு நோயாளிகள் ஆகியோர் தொட்டியைக் கண்டு களிக்கலாம். சுத்தம் செய்யும் பணியை மற்றவரிடம் விட்டுவிடுங்கள். அப்பணியைச் செய்பவர் கையுறை அணிவது நலம். சமையலறைத் தொட்டியில் அந்நீரைக் கொட்டலாகாது. நத்தையைத் தொட்ட குழந்தைகள் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே உண்ண வேண்டும்.

மிகுந்த குஞ்சுகளை ஆற்றில் விடாதீர்

ஒரு கொத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் பிறக்கலாம். அத்தனையையும் ஒரு தொட்டி தாங்காது. வேண்டாத கொத்தைப் புதிதாக இருக்கும்போதே எடுத்து, பையில் இட்டு நசுக்கிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். இரக்கத்தால் உக்கடம் பெரியகுளத்திலோ சிங்காநல்லூர்க் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். நம் குளங்கள் நொய்யலோடு தொடர்புடையவை. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் அவ்வாறு திருப்பூரைக் கடந்து காவிரியில் கலக்கிறது. இந்நத்தையின் நெருங்கிய உறவினமான தங்க ஆப்பிள் நத்தை, உணவுக்கென 1980 வாக்கில் தைவானுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் பிலிப்பைன்ஸ், வியட்நாம் முதலிய நாடுகளின் நெல் வயல்களைப் பாழாக்கியது. கடையில் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

வளர்க்க விழைவோர் ஒரு கொத்தை மட்டும் பொரிக்கவிட்டு, பத்துக் குஞ்சுகளோடு நிறைவு கொள்ளுங்கள். ஐயமிருப்பின், அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது தயங்காமல் கேளுங்கள்.