பெருவழியும் வணிகரும்

வெனிஸ் நகரத்துப் போலோ குடும்பத்தினர் 1271ஆம் ஆண்டில் புறப்பட்டுப் பாலைவனங்களையும் பாமீர் மலைகளையும் கடந்து, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் குப்ளாய் கானின் அவையை அடைந்தனர். பாரசீகத்தில் கொள்ளையர் வளைத்தபோது இளைஞரான மார்க்கோ தப்பினார். உடன் வந்தோரில் பலர் பிடிபட்டனர். உலகறிந்த செய்தி இது. அந்நாளில் நம் நாட்டு வணிகர் தம் முதலைச் சாலையில் எவ்வாறு காத்தனர் என்பது வாடிக்கையாளர்களாகிய தங்களுக்கு இதனினும் சுவையாக இருக்கக்கூடும்.

கொல்லத்திலிருந்து கிழக்கே பாண்டிநாடு செல்ல ஆரியங்காவுக் கணவாய் உண்டு. கொங்குநாட்டினருக்குப் பாலக்காட்டுக் கணவாய். கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கண்டவர், பொதிமாட்டுக்காரர் கணவாயைத் தேடிச் சென்றதன் காரணத்தை எளிதில் உணர்வர்.

பெருவழிகளில் தொலைவு குறித்த கற்கள் நாட்டப்பட்டிருந்தன. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்று, நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்கிறது. எழுத்தறியாதவரும் அறியும்படி, பத்துகளுக்கு இரண்டு பெருங்குழிகளும் ஒன்றுகளுக்கு ஒன்பது சிறுகுழிகளும் அதில் வெட்டப்பட்டுள்ளன. இன்றைய படிவங்கள் சிலவற்றை விட இது தெளிவானது என்றே சொல்லத் தோன்றுகிறது!

தொலைவு தெரிந்தால் மட்டும் போதுமா? கள்வர் அச்சம் இருந்ததே. ஆகவே திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் படைவீரரைத் துணைக்கு வைத்திருந்தனர். தம்மைக் காத்த வீரரைச் சிறப்பிக்கும் பொருட்டுச் சில ஊர்களை 'எறிவீரபட்டினம்' என அறிவித்து, அவ்வீரர்க்குச் சலுகைகளும் அளித்தனர். ஒருவர் தனித்துத் தாங்க இயலாத இழப்பைக் குழுவாகத் தாங்கிய இம்முறையில், காப்பீட்டின் கருத்து அடங்கியுள்ளது என்பது என் துணிபு.

இக்குழுவினர் கூடித் தமக்குள் வரி விதித்துக்கொண்டதும் உண்டு. பிரான்மலைக் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் உப்பு, அரிசி, மிளகு, பாக்கு, இரும்பு, பருத்தி, சந்தனம், குதிரை, யானை எனச் சரக்குதோறும் கோயிலுக்குரிய பங்கு குறிக்கப்பட்டுள்ளது. அரசாணைக்குக் காத்திராமல் வணிகரே செய்துகொண்ட ஏற்பாடு அது.

கடல்வழியே இவ்வணிகர் மேலும் கிழக்கே சென்றனர். சுமத்ராவின் பாரூஸில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் கல்வெட்டு உள்ளது. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் சிவன் கோயில் எழுப்பியதைக் கூறும் தமிழ்க் கல்வெட்டின் ஆண்டு 1281. போலோ குடும்பத்தினர் அப்போது குப்ளாய் கானின் நாட்டில்தான் இருந்தனர். அவர்கள் ஊர் திரும்பியது கடல்வழியே. மார்க்கோ தம் நூலில் கொல்லத்து மிளகையும் காயல் துறைமுகத்துக்கு வரும் குதிரைகளையும் பற்றி எழுதியுள்ளார்.