தலைக்குப் பொருந்தினால்தான் கவசம்

உறுத்தல், இரைச்சல், விலை: ஹெல்மெட்டைக் கழற்ற வைக்கும் மூன்று காரணங்களையும் வாங்கும் முன்பே சோதித்துவிடலாம்

ஹைதராபாத் சாலைகளில் ஹெல்மெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. பெட்ரோல் டேங்க் மீது ஒன்று, சைடு மிரரில் ஒன்று, முழங்கையில் வளையல் போல ஒன்று. தூரத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கேமராவைத் தூக்குவது தெரிந்தால் அவை அவசரமாகத் தலைக்கு ஏறுகின்றன. இ-சலான் ஆபத்து நீங்கியதும் இறங்கிவிடுகின்றன. தெலுங்கில் சிரஸ்திராணம், தமிழில் தலைக்கவசம் என்று பெயர்கள் கம்பீரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அது தலையில் இருக்கும் நேரம் குறைவு.

ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். கழுத்து வலிக்கிறது, வியர்க்கிறது. காது அடைக்கிறது, ஹாரன் கேட்பதில்லை. நல்லது வாங்கக் கையில் காசில்லை. இவற்றைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் உறுத்தும் ஹெல்மெட் கழற்றப்படும். கழற்றிய ஹெல்மெட் யாரையும் காப்பாற்றாது. எனவே சௌகரியத்தையும் பாதுகாப்பின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

கணக்கோ கடுமையானது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த இரு சக்கர வாகனப் பயணிகள் 74,897 பேர். அந்த ஆண்டில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029. இவர்களில் 14,337 பேர் பின்சீட்டில் இருந்தவர்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் அணிவதால் மரண அபாயம் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயம் சுமார் 69 சதவீதமும் குறைவதாகக் கண்டது.

ஹைதராபாத்துக்கு இதைச் சொல்லப் புள்ளிவிவரம்கூடத் தேவையில்லை. 2021 செப்டம்பர் 10 இரவு, துர்கம் செருவு கேபிள் பாலத்தின் அருகே தெலுங்கு நடிகர் சாய் தரம் தேஜின் ஸ்போர்ட்ஸ் பைக் சறுக்கி விழுந்தது. நடிகர் சிரஞ்சீவியின் சகோதரி மகன் அவர். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் மருத்துவமனை வாசம். ஆனால் தலையில் ஹெல்மெட் இருந்தது. 2023இல் ‘விரூபாக்ஷா’ படத்துடன் திரைக்குத் திரும்பினார்.

அளவு முதலில்

ஹெல்மெட் வாங்குபவர் முதலில் பார்ப்பது நிறம், அடுத்து ஸ்டிக்கர், பிறகு விலை. அளவைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. “ஃப்ரீ சைஸ்” என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வாங்கி வருகிறோம். செருப்புக்குக்கூட அளவு பார்ப்பவர்கள் நாம்.

ஹெல்மெட்டின் வெளி ஓடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், பாலிகார்பனேட் அல்லது ஃபைபர் கிளாஸ். உயிரைக் காப்பதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்குக்கு. அடி விழும்போது அது நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்கிறது. நசுங்குவதுதான் அதன் வேலை. தலைக்கும் அதற்கும் நடுவே இடைவெளி இருந்தால் விபத்தின்போது ஹெல்மெட் சுழலும், சில சமயம் கழன்றே ஓடிவிடும். ஒருமுறை பலமாக அடிபட்டதை மறுபடி நம்பக் கூடாது. வெளியே கீறல் மட்டும் தெரியலாம்; உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும்.

அளவெடுக்கத் தையல்காரரின் டேப் போதும். புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே தொடங்கி, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி அளக்க வேண்டும். 57-58 செ.மீ. என்றால் பொதுவாக மீடியம், 59-60 என்றால் லார்ஜ். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் போட்டுப் பார்ப்பது அவசியம். கன்னங்கள் மெத்தையில் நன்றாக அழுந்த வேண்டும். ஆனால் நெற்றியில் ஒரே இடத்தில் குத்தக் கூடாது. குத்தினால் அந்த வடிவம் உங்கள் தலைக்கானதல்ல; உருண்டைத் தலையும் நீளத் தலையும் ஒன்றல்ல. பத்து நிமிடம் அணிந்துகொண்டு கடையிலேயே நில்லுங்கள். தாடைப் பட்டையை மாட்டியபின் பின்புறத்திலிருந்து மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். முகத்தின் மீது சரிந்து கழன்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புது மெத்தை சில வாரங்களில் தளரும் என்பதால் தொடக்கத்தில் சற்று இறுக்கமாக இருப்பதே நல்லது.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதை மாட்டிக்கொண்டே சோதிக்க வேண்டும். கொண்டைக்கு இடம் வேண்டுமென்று ஒரு சைஸ் பெரியதாக வாங்குவதைவிட, முடியைத் தாழப் பின்னிக்கொண்டு சரியான அளவை வாங்குவது மேல். காதோரம் செல்போனைச் செருகிப் பேசிக்கொண்டே போகும் பழக்கமோ இரட்டை ஆபத்து. கவனமும் போகிறது, பொருத்தமும் போகிறது.

எடையும் வெப்பமும் அடுத்த பிரச்னைகள். முழு முக ஹெல்மெட்டுகள் பெரும்பாலும் 1,200 முதல் 1,600 கிராம் வரை இருக்கின்றன. அரை மணிப் பயணத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. நாளெல்லாம் உணவுப் பொட்டலங்களுடன் நகரைச் சுற்றும் டெலிவரி இளைஞரின் கழுத்துக்குத் தெரியும். அவருக்கு ஹெல்மெட் பணிச்சூழலின் ஒரு பகுதி. காற்றுத் துளைகள் வண்டி ஓடும்போதுதான் பயன்படும். அமீர்பேட்டை நெரிசலில் நிற்கும்போது எந்தத் துளையும் உதவாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், கழற்றித் துவைக்கக்கூடிய உள்மெத்தை பெரிய வரம்.

குளிரூட்டும் முயற்சிகளும் நடக்கின்றன. ஹைதராபாத்தின் ஜார்ஷ் நிறுவனம் பாட்டரியில் இயங்கும் ஏ.சி. ஹெல்மெட்டைத் தொழிற்சாலைப் பணியாளர்களுக்காக உருவாக்கியது. பைக் ஓட்டுபவர்களுக்காகப் பெங்களூரின் ப்ளூஆர்மர், முழு முக ஹெல்மெட்டின் முகவாய்ப் பகுதியில் மாட்டும் சிறு கூலரைக் கொண்டுவந்தது. தண்ணீர் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியே அதன் சூத்திரம். பானைத் தண்ணீரின் தத்துவம்தான்.

காதுக்குள் காற்று

ஹெல்மெட் போட்டால் ஹாரன் கேட்காது என்பது பழைய புகார். இதற்குப் பதிலும் பழையதுதான். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்து 1981இல் அறிக்கை அளித்தது. முக்கியமான போக்குவரத்து ஒலிகளை ஹெல்மெட் மறைப்பதாக அதில் தெரியவரவில்லை. காரணம் எளிது: ஹெல்மெட் ஹாரனைக் குறைக்கும்போது சுற்றியுள்ள இரைச்சலையும் சேர்த்தே குறைக்கிறது.

உண்மையான எதிரி காற்று. வேகம் கூடக் கூட எஞ்சின் சத்தத்தைக் காற்றின் இரைச்சல் விழுங்கிவிடுகிறது. 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் ஒலி 100 டெசிபலை நெருங்கலாம். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது, முகவாய்க்கும் கழுத்துக்கும் இடையே கீழ்ப்புறம் சுழலும் காற்று முக்கியக் காரணமாகத் தெரிந்தது. ஆகவே கழுத்தைச் சுற்றி மெத்தை இடைவெளியில்லாமல் அணைக்கிறதா, வைசர் மூடும்போது ரப்பர் விளிம்பில் முழுதாகப் பதிகிறதா, ஆட்டினால் கடகடக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். இங்கும் அளவே பிரதானம்: தொளதொள ஹெல்மெட்டில்தான் இரைச்சல் அதிகம்.

நகருக்குள் 40 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு இது பெரிய தொல்லையல்ல. ஹைதராபாத்தின் 158 கி.மீ. வெளிவட்டச் சாலையின் பிரதான பாதையில் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதியும் இல்லை. ஆனால் விஜயவாடா நெடுஞ்சாலையிலோ பெங்களூர் நெடுஞ்சாலையிலோ மணிக்கணக்கில் ஓட்டுபவர்கள் இரைச்சலை அலட்சியப்படுத்தினால் காது பிறகு பழிவாங்கும்.

ஒரு நாளைக்கு என்ன விலை?

சாலையோரத்தில் குவித்து வைத்திருக்கும் சில நூறு ரூபாய்த் தொப்பிகள் சலானிலிருந்து ஒருவேளை தப்பிக்க வைக்கும். தார்ச் சாலையிலிருந்து தப்பிக்க வைக்காது. ஐ.எஸ். 4151 தரத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஹெல்மெட்டுகளை மட்டுமே விற்க வேண்டும் என்ற ஆணை 2021 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. முத்திரை ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம் என்பதால், அதனுடன் உள்ள சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்ப்பது புத்திசாலித்தனம்.

சுமார் ஆயிரம் ரூபாயிலிருந்தே ஸ்டட்ஸ், வேகா, ஸ்டீல்பேர்ட் போன்ற கம்பெனிகளின் முத்திரை பெற்ற ஹெல்மெட்டுகள் கிடைக்கின்றன. ஸ்டட்ஸின் எஸ்.எம்.கே., வேகாவின் ஆக்ஸர் ஆகிய உயர்ரக வரிசைகளுக்குச் சில ஆயிரங்கள் கூடுதல். அந்தக் கூடுதல் பணத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது நல்ல மெத்தை, தெளிவான வைசர், குறைந்த இரைச்சல். 2,000 ரூபாய் ஹெல்மெட்டை நான்கு வருடம் அணிந்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆவதில்லை. ஊரில் ஒரு கப் இரானி சாய் அதைவிடப் பல மடங்கு விலை.

விலை ஏறினால் பாதுகாப்பும் ஏறுமா? பிரிட்டிஷ் அரசு 2007இல் தொடங்கிய ‘ஷார்ப்’ திட்டம், ஹெல்மெட்டுகளைக் கடையில் வாங்கி மோதிச் சோதித்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தந்தது. விலை குறைந்தவை அதிக நட்சத்திரம் வாங்கியதும், விலை உயர்ந்தவை பின்தங்கியதும் உண்டு. இந்தியாவில் கார்களுக்கு 2023 அக்டோபரில் பாரத் என்கேப் நட்சத்திரத் திட்டம் அமலுக்கு வந்தது. ஹெல்மெட் வாங்குபவருக்கோ தேர்ச்சியா தோல்வியா என்று சொல்லும் ஐ.எஸ்.ஐ. முத்திரைதான். முத்திரை பெற்ற இரண்டில் எது மேல் என்று அது சொல்லாது.

புது இரு சக்கர வாகனத்துடன் இரண்டு ஹெல்மெட்டுகளைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்று 2025 ஜூனில் மத்திய அரசு ஒரு வரைவு விதியை வெளியிட்டது. பின்சீட்டுக்காரரையும் நினைத்துப் பார்த்த நல்ல எண்ணம். ஆனால் வாங்குபவரின் தலையையும், பின்னால் உட்காரும் மனைவி அல்லது மகளின் தலையையும் ஷோரூமில் யார் அளக்கப்போகிறார்கள்? அளவு பாராமல் தரப்படும் இலவச ஹெல்மெட்டுகள் கடைசியில் சைடு மிரரில்தான் தொங்கும். சைடு மிரருக்கு எந்த சைஸும் பொருந்தும்.