அச்சுப்பொறி இயக்கிகளின் குடிபெயர்ச்சி

எங்கள் ஊராகிய ஏரலின் அருகே செல்லும் பொருநையாறு கிழக்கு நோக்கி ஓடிப் புன்னைக்காயலிற் கடலொடு கலக்கின்றது. அக்கடற்கரைப் பட்டினத்தில் நெடுங்காலம் தங்கித் தமிழ் கற்ற ஹென்றிக்கு ஹென்றிக்கஸ் அடிகளாரின் முயற்சியால், ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டிற் கொல்லத்திலும், ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579-இற் கொச்சியிலும் அச்சேறியமை தமிழ் மாணாக்கர் அறிந்ததே. அந்நாளில் அச்சுப்பணி ஓரூர் விட்டு வேறூர் பெயர்வதாயின், வார்த்த எழுத்துக்களைப் பெட்டியிலிட்டுச் சுமந்து சென்றாற் போதும்; வார்ப்பில் எவ்வடிவம் உளதோ அதுவே தாளிலும் பதியும். இற்றைநாளில் எழுத்து அங்ஙனம் பெட்டியில் இருப்பதில்லை. ஆகலின் அச்சுப்பணியை ஒரு கணிப்பொறியினின்று மற்றொன்றுக்குப் பெயர்ப்பது எத்தகைய தொழில் என்பதனைச் சிறிது விளக்க முயல்வேன்.

நாம் கணிப்பொறியில் தட்டெழுதும் பக்கம் அச்சுப்பொறிக்கு நேரே விளங்குவதன்று. அடோபி நிறுவனத்தார் வகுத்த போஸ்ட்ஸ்கிரிப்ட், எச்.பி. நிறுவனத்தார் வகுத்த பி.சி.எல். முதலிய பக்கமொழிகளே அதற்குப் புரியும். இவ்விருவர்க்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் துபாஷிதான் ‘பிரிண்டர் டிரைவர்’ என வழங்கும் இயக்கி. ஓர் அலுவலகத்திற் பல அறைகளிலுள்ள பொறிகளையெல்லாம் ஒருங்கே ஆளும் நடுக்கணிப்பொறியை ‘பிரிண்ட் சர்வர்’ என்பர். அஃது ஒவ்வொரு பொறிக்கும் ஒரு வரிசையும், அவ்வரிசைக்குரிய இயக்கியும் வைத்துக்கொண்டு, கேட்கும் கணிப்பொறிகளுக்கு அவ்வியக்கியை வழங்கவும் செய்யும்.

இச்சர்வர் என்றும் நிலைப்பதன்று. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 என்பதற்குரிய வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் நாள் முடிவுற்றது. அதற்கு முன்னரே, 2021-ஆம் ஆண்டின் நடுவில், ‘பிரிண்ட்நைட்மேர்’ என்னும் பெருங்குறை அச்சுச் சேவையில் வெளிப்பட்டது. இயக்கியைப் புகுத்தும் வழியாகவே அயலான் கணிப்பொறியைக் கைக்கொள்ளலாகும் என்று கண்டு, அவ்வாண்டு ஆகஸ்டு முதல், மேலாளர் உரிமை உடையாரன்றிப் பிறர் இயக்கியை நிறுவலாகாது என மைக்ரோசாப்ட் விதித்தது. ஆகவே பழையதை விட்டுப் புதியதற்குக் குடிபெயர்தல் பலர்க்கும் இன்றியமையாததாயிற்று.

பத்துப் பொறிகளாயின் கையாற் செய்துவிடலாம். நாற்பது, நூறு எனப் பெருகுமிடத்துக் கை சலிக்கும். சலித்த கை பிழைக்கும். ‘பிரிண்ட்பிஆர்எம்’ என்னும் கருவி வரிசை, இயக்கி, இணைமுகம் அனைத்தையும் ஒரே கோப்பிற் கட்டிப் புதிய சர்வரில் அவிழ்க்கும். எளிது எனினும், பழங்கட்டிலோடு மூட்டைப்பூச்சியையும் புதுமனைக்குக் கொணர்வது போல, பழுதுற்ற இயக்கிகளையும் அது கொணர்ந்துவிடும். எனவே தேர்ந்தவர் ‘ஸ்கிரிப்ட்’ என்னும் கட்டளை நிரலைத் தாமே எழுதுவர். விண்டோஸில் அதற்கு ‘பவர்ஷெல்’ உளது.

நிரலின் வேலை நால்வகைப்படும். முதலாவது கணக்கெடுப்பு: ஒவ்வொரு வரிசையின் பெயர், இயக்கி, முகவரி ஆகியவற்றை அட்டவணையாக்குதல். இரண்டாவது, இன்ன பழைய இயக்கிக்கு இன்ன புதிய இயக்கி என ஒப்புப்பட்டியல் வகுத்தல். மூன்றாவது, புதிய இயக்கிகளைப் பதிந்து, பட்டியலின்படி வரிசைகளைப் படைத்தல். நான்காவது, எது முடிந்தது, எது தவறியது என்று குறிப்பெழுதுதல். முன்னரே உள்ளதனை மீளவும் படையாதபடி நிரல் சோதித்துக்கொள்ளல் வேண்டும்; அங்ஙனமாயின் இடையில் நின்றுபோயினும் மறுமுறை அச்சமின்றி ஓட்டலாம்.

இனி, யான் கண்ட ஒன்றைக் கூறுவேன். 2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஓர் அலுவலகத்தின் கணிப்பொறிகளைப் பேணிவரும் என் பெரியப்பா மகனாராகிய தமையனார்க்கு உதவியாகச் சென்றிருந்தேன். அவர் நாற்பது வரிசைகளுக்கு நிரலெழுதி ஓரிரவில் ஓட்டினார். விடியலில் ஒவ்வொரு பொறியினின்றும் சோதனைத்தாள் பழுதின்றி வந்தது. மகிழ்ந்து உறங்கச் சென்றோம். நண்பகலில் அழைப்பு வந்தது. பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ்ச் சான்றுத்தாள்களிற் சில எழுத்துக்கள் விழவில்லை; ‘அஞ்சலை’ என்னும் பெயர் ‘அ சலை’ என நின்றது.

காரணம் ஆராய்ந்தோம். பழைய தமிழெழுத்துருக்கள் பல, உரோம எழுத்துக்களுக்கும் பிற குறிகளுக்கும் உரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்து அமைந்தவை. அவை பொறியில் மயங்காதிருத்தற்கு, எழுத்தைப் படமாக்கி அனுப்புமாறு எவரோ முன்னாளிற் பழைய இயக்கியில் அமைத்திருந்தனர். இத்தகைய உள்ளமைப்புக்கள் அவ்வவ்வியக்கிக்கே தனியுரியவை. ஓர் இயக்கி எழுதிவைத்ததனை மற்றோர் இயக்கி படித்தறியாது. நிரல் தனக்குச் சொன்னது அனைத்தும் செய்தது. சொல்லாத அவ்வமைப்பு மட்டும் பழைய சர்வரிலேயே தங்கிவிட்டது. நாங்கள் நம்பிய சோதனைத்தாளோ முற்றும் ஆங்கிலம். தமிழ் பிழைத்ததனை அஃது எங்ஙனம் காட்டும்?

பழைய சர்வரை அழியாது வைத்திருந்தமையால், அன்று மாலையே அப்பொறிகளை அதனோடு மீளப் பொருத்தினோம். பின்னர்த் தமையனார், “தம்பி, நீ தமிழ் படிக்கிறவன். எந்தெந்த எழுத்தைப் பார்த்தால் போதுமென்று நீயே ஒரு தாள் எழுதித் தா” என்றார். மெய்யெழுத்துப் பதினெட்டும், கொ, கோ, கௌ எனக் கொம்பும் காலும் இருபுறம் நிற்பனவும், து, நூ, று போலத் தத்தமக்கென வேறுபட்ட வடிவுடையனவும், ஆய்தமும், ஸ்ரீ, க்ஷ முதலியனவும் அமைய ஒரு பக்கம் எழுதினேன். அதனையே பழைய எழுத்துருக்களிலும், 2010-இல் தமிழ்நாட்டரசு தரமாக ஏற்ற யூனிகோட் முறையிலும் அமைத்தோம். நிரலின் இறுதியில் அத்தாளை ஒவ்வொரு பொறிக்கும் அனுப்பும் கட்டளையைச் சேர்த்து, முதலில் ஒரு பொறியிலும், அடுத்து ஓர் அறையிலும், பின்னரே முழுமைக்கும் ஓட்டினோம். இம்முறை எப்பெயரும் சிதையவில்லை.

ஓரெழுத்துக்காக இத்துணை முயற்சியோ எனச் சிலர் நகைக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று, பொருநை கரைபுரண்டு ஏரற் கடைத்தெருவினுட் புகுந்தது. எங்கள் தெருவிற் சான்றிதழ்களைச் சேற்றிலிருந்து எடுத்து வெயிலில் உலர்த்தியோரை யான் கண்டேன். அழிந்த தாளுக்கு மாற்றுத்தாள் பெற்றவர்க்கு அதிலுள்ள பெயரே உடைமை. ஓரெழுத்துக் குறையின் அப்பெயர் வேறொருவர் பெயராகும். அதனைத் திருத்த அவர் எத்தனை படியேற வேண்டுமோ!

இயக்கிகளின் தொழிலும் மாறிவருகின்றது. பொறிக்கொன்றாக அவ்வந்நிறுவனத்தார் தரும் இயக்கிகளைப் படிப்படியாக விலக்கிப் பொதுமுறை ஒன்றனைத் தழுவப்போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் அறிவித்தது. ஆகவே இன்னும் பல குடிபெயர்ச்சிகள் நிகழும். அவற்றை நடத்துவோர் பெரும்பாலும் கணிப்பொறி வல்லுநரே. தமிழ் கற்றார் ஒருவரும் அருகிருந்து முதல் தாளைப் படித்துப் பார்த்தல் நலம். யான் எழுதிய அப்பக்கம் எங்கள் விடுதி அறையில் உளது. வேண்டுவோர் படியெடுத்துக் கொள்ளலாம்.